ஹம்சா கேட்ட வரம்

கரண்ட் வர்ற வரைக்கும்தான் சொல்வேன். அந்த மொபைல் லைட்டை அணைங்க... கண்ணுல குத்துது.

மணி பன்னெண்டரை. பகல் பன்னெண்டரை. போன மே மாசம், மந்தைவெளில ஒரு குறுக்குத் தெரு. வெயிலுக்கு ஒரு நாய்கூட வெளில இல்ல.

இது என் ஃப்ரெண்ட் கீர்த்தியோட பெரியம்மாவுக்கு நடந்தது. ஹம்சானு பேரு. முப்பது வருஷம் ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுத்தவங்க. லேசுல எதையும் நம்ப மாட்டாங்க.

சாப்பிட்டுட்டு இருந்த பெரியப்பா, சுந்தரராமன், அப்படியே சாஞ்சுட்டார். கையில மோர் சாதம். மூச்சு இல்ல.

மாடி வீட்டு எரிக் ஓடி வந்து நெஞ்சை அழுத்த ஆரம்பிச்சார். ஃபயர் சர்வீஸ்ல இருந்தவர், தெரிஞ்சுதான் செய்றார். "ஆன்ட்டி, நீங்க வாசல் கேட்டுக்குப் போங்க. ஆம்புலன்ஸுக்கு வழி காட்டணும்"னார். பெரியம்மா செருப்புகூடப் போடாம ஓடினாங்க.

தெருவுல ஒரே ஒருத்தன். மீட்டர் ரீடிங் எடுக்க வர்ற ஆள் மாதிரி... வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட். முதுகைக் காட்டி நடந்து போறான். கையில கயிறு. அதோட மறுநுனி தரையில படல. பின்னாடி யாரையோ கூட்டிட்டுப் போற மாதிரி, விறைப்பா அந்தரத்துல நிக்குது. கொதிக்கிற தார் ரோட்டுல சேத்து வாடை... எருமை படுத்து எழுந்த குட்டை வாடை.

அப்புறம் அந்த சத்தம். ஹ்ஹீ... ஹ்ஹீ...

பெரியப்பாவுக்கு ஆஸ்துமா. முப்பத்தஞ்சு வருஷமா தூக்கத்துல பக்கத்துல கேட்ட விசில். அது கயித்து நுனிலேர்ந்து வருது.

பெரியம்மாவுக்கு ஒண்ணுதான் ஞாபகம் வந்துச்சாம். காரடையான் நோன்புக் கதை. புருஷன் உயிரை எடுத்துட்டுப் போற எமன் பின்னாடியே ஒருத்தி நடந்து, பேச்சுக் குடுத்து, வரம் கேட்டு மடக்கி மீட்டுடுவாளே, அதுதான். வருஷா வருஷம் அடை சாப்பிடறதுக்காக மட்டும் உட்கார்ந்து கேட்ட கதை. "எனக்கு வேற என்னடி தெரியும்? அந்த நிமிஷத்துக்கு பிசிக்ஸ்ல ஒண்ணுமே இல்லையே"ன்னு அப்புறம் கீர்த்திகிட்ட சொன்னாங்க.

பின்னாடியே நடந்தாங்க. உள்ளங்கால் பொசுங்குது.

"சார், சித்த நில்லுங்கோ."

நிக்கல. வெயில், தண்ணி லாரி, பையனுக்கு விசா கிடைக்காதது... வாய்க்கு வந்ததைப் பேசினாங்க. பேச்சை நிறுத்தினா விசில் தூரமாப் போகுது. பேசினா கிட்ட வருது. அதனால நிறுத்தவே இல்ல.

தெருமுனை வந்தப்ப அவன் நின்னான். திரும்பல.

"என்னம்மா வேணும்?"

"இவருக்கு எண்பதாம் கல்யாணம் நடக்கணும்."

"நடக்கும்."

அவ்வளவுதான். விரலைத் தளர்த்தினான். கயிறு விழுந்த சத்தம் கேட்டுச்சு. பெரியம்மா குனிஞ்சு தரையைப் பார்த்து நிமிர்றதுக்குள்ள... யாரும் இல்ல. ஆம்புலன்ஸ் சைரன் மட்டும்.

பெரியப்பாவுக்கு அப்போ அறுபத்தி மூணு. எரிக் கைக்குக் கீழதான் நாடி திரும்பி வந்துச்சு. "அவரைக் கும்பிடுங்க"ன்னு டாக்டரே சொன்னார். கும்பிட்டாங்க.

ஆனா பெரியம்மாவால உட்கார முடியல. ரெண்டு ராத்திரி ஐசியு வாசல்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துட்டே இருந்தாங்க. கீர்த்தி இழுத்து உட்கார வெச்சு, என்னன்னு கேட்டா.

"கதைல அவ தனக்குக் குழந்தை பொறக்கணும்னு கேட்டா. தன்னையும் சேர்த்துண்டு கேட்டா, அதான் ஜெயிச்சா. நான் இவருக்குக் கல்யாணம் நடக்கணும்னு கேட்டேன்... பொண்ணு நான்தான்னு சொல்லலையேடி."

கீர்த்தி சிரிச்சுட்டாளாம். பெரியம்மா, நீங்க வெயில்ல மயங்கி ஏதோ பார்த்திருக்கீங்க, போய் காபி குடிங்கன்னு சொன்னா. பெரியம்மாவும் அப்படித்தான் இருக்கும்னு தலையாட்டினாங்க.

மூணாவது நாள் தொண்டைக் குழாயை எடுத்தாங்க. பெரியப்பா கண்ணைத் திறந்தார். தண்ணி கேக்கல, பையனைக் கேக்கல. பெரியம்மா கையைப் பிடிச்சுண்டு... குரலே இல்லாம...

"ஹம்சா, உன் நட்சத்திரம் உத்திராடம்தானே?"

"ஆமா, ஏன்?"

"கயித்தை வெச்சிண்டிருந்தானே, அவன் கேட்டான்... சொல்லிட்டேன்."