நாற்காலி அண்ணன்

எனக்குக் கம்ப்யூட்டர் பற்றி அதிகம் தெரியாது, டாக்டர். பழுதானால் அணைத்துப் போடுவேன். அதற்கும் மசியாவிட்டால் மனைவியைக் கூப்பிடுவேன். ஆறு மாதம் ஏன் தாமதித்தீர்கள் என்று நேற்றுக் கேட்டீர்கள். அப்பா பக்கத்தில் இருந்ததால் ஏதோ உளறினேன். சரியான பதிலை எழுதி அனுப்புவதுதான் மரியாதை.

அப்பாவுக்குப் பார்வை மங்கியதும், படத்தைப் பார்த்து விவரம் சொல்லும் ஏஐ மாடல் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்தேன். இணையம் வேண்டாம், வீட்டு விஷயம் வாசல் தாண்டாது. அப்பாவின் போனுக்கு வரும் படமெல்லாம் அதற்குள் போய், ஸ்பீக்கரில் பேச்சாக வெளியே வரும். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் ஆகும். அதுவரை உள்ளே இருக்கும் விசிறி, விமானம் கிளம்புவதுபோல் இரையும். ஆனால் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. முதல் நாளே என் படத்துக்கு, "தொப்பையுள்ள நடுத்தர வயது ஆண், வாயில் பிஸ்கட்" என்றது. அப்பா புரையேறும்வரை சிரித்தார்.

அதிகம் படம் அனுப்புவது வெளியூரில் இருக்கும் அண்ணன். அப்பாவுக்கு அவன் 'பெரியவன்'. நான் 'மிச்சம்'. பாசமாகத்தான் கூப்பிடுவார். சொட்டு மருந்து விடுவதும் நகம் வெட்டுவதும் மிச்சம். எழுந்ததும் அவர் கேட்பது பெரியவன் படம்.

அதனால், மாடல் எப்படிப் பேச வேண்டும் என்று எழுதி வைக்கும் குறிப்பில் அண்ணன் படம் ஒன்றை இணைத்து ஒரு வரி சேர்த்தேன்: இந்த முகம் வந்தால் நாற்காலி என்று சொல்.

அதற்குக் கீழ்ப்படிதல் கொஞ்சம் அதிகம். "கடற்கரையில் ஒரு நாற்காலி, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு சிரிக்கிறது" என்றது.

"ஏங்க, நாற்காலி எப்படிங்க சிரிக்கும்?" என்றாள் மனைவி.

"ஓசியில வந்தது, அப்படித்தான் உளறும்" என்றேன். பிறகு வரியைத் திருத்தினேன்: இந்த முகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இரண்டே வாரத்தில் அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. "மருமக படம் வருது, பேரப்புள்ளைங்க படம் வருது. இவன் மட்டும் ஏன்டா மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறான்?"

"வேலை இருக்கும்ப்பா."

"பொல்லாத வேலை. இனிமே அவன் போன் பண்ணா என்கிட்ட குடுக்காத."

அண்ணன் போன் செய்தான். நான் கொடுக்கவில்லை. அப்பா பேச்சை மீறிப் பழக்கமில்லை.

பேச முடியாததால், அப்பாவின் பழைய ரிப்போர்ட்டைக் காட்டி உங்களிடம் வாங்கிய கடிதத்தைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினான். பதினான்காம் தேதி அறுவை சிகிச்சை. உடனே செய்தால் பார்வை திரும்பும், தள்ளிப்போட்டால் திரும்பாது. நான் அதை இரண்டு முறை நிதானமாகப் படித்தேன். பிறகு குறிப்பில் இன்னொரு வரி எழுதினேன்.

"சோபா விளம்பரம், முப்பது சதவீதம் தள்ளுபடி" என்றது ஸ்பீக்கர்.

"நமக்கெதுக்குடா சோபா?" என்றார் அப்பா.

அவர் பயப்படுகிறார், ஒத்துக்கொள்ளவில்லை என்று அண்ணனுக்குப் பதில் போட்டேன்.

யோசித்துப் பாருங்கள். கண் தெளிந்தால் அந்தப் படங்களை அவரே பார்ப்பார். மறுநாளே பெரியவன் வீட்டுக்குப் பஸ் ஏறுவார். அங்கே யார் அவருக்குப் பொத்தான் போட்டுவிடுவார்கள்? இங்கே என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் என்னைத் தொட்டதெல்லாம் சேர்த்தாலும் இந்த ஆறு மாதத்துக்கு ஈடாகாது.

இனி எதுவும் செய்வதற்கில்லை என்று நேற்று நீங்கள் சொன்னதும், அப்பா தடவித் தடவி என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை விடவில்லை. வழியெல்லாம் "பெரியவனே, பெரியவனே" என்றார். பார்வை போன மனிதர், பெயர் மாறத்தான் செய்யும். கை யாருடையது என்று அவருக்குத் தெரியும்.