ரெயினை எழுதியவர்

“ஹலோ... ஹலோ, அமராவதிதான் பேசுறேன் அத்தான். சொல்லுங்க... என்னது, என் புரோகிராம் தப்பா?”

அறந்தாங்கி தபால் ஆபீசில் டிரங்க் கால் வந்திருக்கிறதென்று ஓடிவந்தவளுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை. பேசியவன் அத்தை மகன் உடையப்பன். போன வாரம்தான் இருவருக்கும் பரிசம் போட்டிருந்தார்கள். மெட்ராஸில் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை; அவன் திரும்பிப் போய்விட்டான், அவள் இன்னும் லீவில் இருந்தாள். கண்மாய்த் தண்ணீர் வழிய எவ்வளவு அகலத்தில் கலிங்கு கட்டுவது என்று கணக்குப் போடும் புரோகிராமை, ஏரியா, ஃப்ளோ, ரெயின் என்று பேர் வைத்த சப்ரூட்டின் துண்டுகளாகப் பிரித்து எழுதியிருந்தார்கள்.

“ஆமா... ஆமா, அகலம் கூடுதலா வருது, சரி. அதை ஏன் என் தலையில கட்டுறீங்க?... டைரக்டர் சார்கிட்ட சொல்லிட்டீங்களா? என் பேரையா?... அத்தான், அவரு என்னைய வேலைய விட்டே தூக்கிருவாரு.”

அந்த வேலைக்காக வீட்டில் எத்தனை சண்டை போட்டவள் அவள்.

“முழுசா ஓட்டுனா எங்க தப்புன்னு எப்படித் தெரியும்? ஒவ்வொரு சப்ரூட்டினாப் பேர் சொல்லித் தனியாக் கூப்பிடணும். விடை தெரிஞ்ச கணக்கக் குடுத்துப் பாக்கணும்... ஏரியாவக் கூப்பிட்டீங்களா? சரி. என்னோட ஃப்ளோ?... கூப்பிட்டப்பல்லாம் சரியா வந்துச்சா? பின்ன என்ன?... ரெயின்?... ஏன் கூப்பிடல?”

மழைச் சராசரி பார்க்கும் ரெயினை எழுதியவன் உடையப்பன். ஊரான் எழுதியதையெல்லாம் துருவிப் பார்க்கிறவனுக்குத் தன் எழுத்தின்மேல் மட்டும் அப்படி ஒரு பக்தி.

“இப்பக் கூப்பிடுங்க. மூணு மாசத்துக்கும் பத்துப் பத்து அங்குலம் மழை குடுங்க. சராசரி பத்துதான வரணும்... ஆப்பரேட்டர், கட் பண்ணாதீங்க, இன்னொரு மூணு நிமிஷம் போடுங்க... ம்... பதினஞ்சா? மூணால வகுக்க வேண்டியத ரெண்டால வகுத்துருக்கீங்க அத்தான்.”

அமராவதி ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“போயி சார்கிட்ட சொல்லுங்க... என்ன, இப்படியே இருக்கட்டுமா? கல்யாணத்துக்கப்புறம் எனக்கு வேலை எதுக்கா? அத நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?... ரிசீவர சார்கிட்ட குடுங்க. இல்லன்னா நானே அவருக்கு டிரங்க் கால் போடுவேன்.”

மறுமுனையில் ரிசீவர் கை மாறி, டைரக்டரின் குரல் வந்தது.

“வணக்கம் சார், அமராவதி... ஆமா சார், தப்பு ரெயின்லதான்... இல்ல சார், அது நான் எழுதினது இல்ல.”

பக்கத்தில் நின்ற அவள் ஆத்தா ராசாத்தி கையைப் பிடித்து இழுத்தாள். பரிசம் போட்ட பெண், கட்டிக்கொள்ளப் போகிறவன் பேரை வாயால் சொல்லிவிடக் கூடாது. அமராவதி கையை உதறினாள்.

“எழுதினது யாரா?... உடையப்பன், சார்... ஆமா, உடையப்பன்.”

ரிசீவரை வைத்துவிட்டாள்.