அவரும் பார்க்கணுமாம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற விஷயமில்லை இது.

என் நண்பனுடைய சித்தப்பாவுக்கு நடந்தது. சாயங்காலம் ஆறரை மணி. ஊரைத் தாண்டிய ரோடு... இரண்டு பக்கமும் ஒரு வீடு கிடையாது. அதன் கடைசியில் புதிதாகத் திறந்த ஆஸ்பத்திரி. சித்தப்பாவும் சித்தியும் போய் இறங்கினார்கள். மறுநாள் அவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன்.

சித்தப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். ஒருத்தரையும் நம்பமாட்டார். சர்க்கரை போட்டுவிட்டேன் என்று சித்தி சத்தியம் செய்தாலும் கலக்கிப் பார்த்துத்தான் காப்பி குடிப்பார்.

ஒரு சின்ன அறை. ஜன்னல் இல்லை. ஸ்பிரிட் வாடை. நோயாளிகளுக்கு விவரம் சொல்கிற பெண், பாதி முகத்தை மூடும் கறுப்பு வி.ஆர். கண்ணாடியை எடுத்து வந்தாள்.

"நாளைக்கு என்ன செய்வாங்கன்னு பக்கத்துல நின்னு பார்க்கிற மாதிரியே இருக்கும் சார். பார்த்துட்டா பயம் போயிடும்."

மாட்டிக்கொண்டார். ஒரு வார்டு. தலையைத் திருப்பினால் அதுவும் திரும்புகிறது. நீல உடுப்பில் ஒரு நர்ஸ் எதிரே வந்தாள். எங்கே துளை போடுவார்கள், மயக்க மருந்து எப்போது... எல்லாம் பொறுமையாகச் சொன்னாள். பிறகு கொஞ்சம் குனிந்து...

"பச்சைப் புடவைக்காரம்மா எவ்வளவு நேரமா நிக்கிறாங்க... உட்காரச் சொல்லுங்க."

வெடுக்கென்று கழற்றினார். சித்தி நின்றுகொண்டிருந்தாள். பச்சைப் புடவை.

"கேமரா எங்கம்மா வச்சிருக்கீங்க?"

"கேமரா ஏது சார்? இது போன வருஷம் எடுத்த படம். எல்லாருக்கும் இதே படம்தான்."

சித்தியும் மாட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு பேச்சே இல்லை. "உங்களுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்று சலித்துக்கொண்டாள். இவளும் கூட்டோ என்று சித்தப்பாவின் மனதில் ஓடியது. இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார். மேசைக்கு அடியில், கதவுக்குப் பின்னால், எல்லாம் பார்த்தார். யாருமில்லை. தாழ்ப்பாளைத் தன் கையாலேயே போட்டார். மறுபடி மாட்டினார்.

அதே வார்டு. அதே நர்ஸ். துளை, மயக்க மருந்து... சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அம்மா வெளியே போயிட்டாங்க."

அவள் பார்வை அவர் தோளுக்குப் பின்னால் போனது.

"உங்க பின்னால நிக்கிறவரு போகலை. அவரும் பார்க்கணுமாம்... கழட்டிக் குடுங்க."

ஈரத்துணியை நாள்கணக்கில் மூடிவைத்த வாடை. தலைக்குப் பின்னால் கண்ணாடியின் பட்டை பிரிகிற சத்தம்... சர்ர்ர்...

சித்தப்பா இரண்டு கையாலும் கண்ணாடியை முகத்தோடு அழுத்திக்கொண்டார். கழன்றால் பின்னால் நிற்பது யாரென்று பார்த்தாக வேண்டுமே! அப்படியே எழுந்து, சுவரைத் தோளால் உரசிக்கொண்டே கதவுக்கு வந்தார். தாழ்ப்பாளுக்கு ஒரு கை வேண்டும். எடுத்தார்... எடுத்த இடத்தில் சில்லென்று வேறு விரல்கள் வந்து உட்கார்ந்தன.

எப்படித் திறந்தாரோ! கண்ணாடியை உதறிவிட்டு, கண்ணை இறுக மூடியபடி வெளியே வந்து விழுந்தார். அந்தப் பெண் உள்ளே போய்ப் பார்த்தாள். அறை காலி. கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு வந்தாள்.

ஆபரேஷனை வேறு ஆஸ்பத்திரியில் செய்துகொண்டார். நல்லபடியாக முடிந்தது. "ஆள் வச்சு ஏமாத்திட்டானுங்க" என்று இன்றைக்கும் திட்டுவார். அன்றைக்கு அவர் கண்ணைத் திறக்கவில்லை. சித்தி பார்த்திருக்கிறாள்.

அறைக்கு வெளியே, அந்தப் பெண்ணின் மேசையில் ஒரு டி.வி. கண்ணாடி மாட்டியவர் பார்ப்பதெல்லாம் அதிலும் தெரியும். சித்தப்பாவைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுச் சித்தி நிமிர்ந்தாள். திறந்த கதவு வழியாக நாற்காலி தெரிந்தது. கண்ணாடி வைத்த இடத்தில் அசையாமல் கிடந்தது. ஆனால் டி.வி.யில் படம் முதலிலிருந்து ஓட ஆரம்பித்திருந்தது. வார்டு மெல்ல இடப்பக்கம் திரும்பியது... வலப்பக்கம் திரும்பியது... நர்ஸ் எதிரே வந்தாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

படம் மேலும் கீழும் அசைந்தது.