சிவப்பு அட்டை கட்டிய அறை

சின்ன வீட்டைப் பெருக்குவது எவ்வளவு சுலபம் என்பது பெரிய வீட்டில் காலம் தள்ளியவர்களுக்குத்தான் தெரியும். ஜூஜுவாடியில் நாங்கள் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஓர் ஆள் நின்றாலே நிறைந்துவிடுகிற சமையலறை. துடைப்பத்தை எடுத்தால் காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள் மேடம். ஏன் செய்தாய் என்று நீங்கள்தானே கேட்டீர்கள். இங்கிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

ஓசூரில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தொழிற்கூடத்தை ஒழுங்காக வைத்திருப்பதுதான் என் பொறுப்பு. வேண்டுமா வேண்டாமா என்று தெரியாத பொருள் எதுவானாலும் அதில் சிவப்பு அட்டை கட்டி ஒரு தனி அறையில் பூட்டி வைப்போம். ஒரு மாதம் பார்ப்போம். யாராவது கேட்டு வந்தால் மறுபேச்சில்லாமல் திருப்பிக் கொடுப்போம். யாரும் கேட்கவில்லை என்றால் கழித்துவிடுவோம். இதில் யார்மீதும் கோபம் கிடையாது. எதையும் அவசரப்பட்டுத் தூக்கி எறிவதில்லை என்பதால் எனக்கு அந்த முறைமேல் பெரிய மரியாதை.

பாகலூர் வீட்டை விற்றபோது அதே முறையைத்தான் கையாண்டேன். என் மனைவி பார்வதிக்கு முழங்கால் வலி, அத்தனை பெரிய வீட்டை அவளால் கட்டி மேய்க்க முடியவில்லை. வாங்கியவர் மணிகண்டன். வீட்டை இடித்துவிட்டு, வடக்கிலிருந்து வரும் தொழிலாளிகளுக்கு வரிசையாக அறைகள் கட்டப் போகிறார். ஆனி கடைசியில் பத்திரம் முடிந்தது. "ஆடியில கடப்பாரை வைக்க மாட்டேங்க. ஆவணி பொறக்கட்டும். அதுவரைக்கும் உங்க சாமான் எது வேணா அங்கேயே கெடக்கட்டும், சாவியும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். நல்ல மனிதர். எனக்கு ஒரு மாதம் கிடைத்தது.

பின்கட்டில் ராகி மூட்டை போடும் அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது, கனமான கதவு. ஒரு பக்கம் கிரைண்டிங் பட்டறை, இன்னொரு பக்கம் லேத் பட்டறை. அங்கே நின்று பேசினால் பேசுகிறவனுக்கே காது கேட்காது. அந்த அறையில் ஆட்டுக்கல், தையல் மிஷின், கால் ஆடும் கட்டில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் சிவப்பு அட்டை கட்டினேன்.

வீட்டில் எங்களோடு பார்வதியின் அக்கா கெம்பம்மாவும் இருந்தாள். தாயில்லாத பார்வதியை வளர்த்தவள், சின்ன வயதிலேயே கணவனை இழந்தவள். எங்கள் கல்யாணத்திலிருந்து எங்களோடுதான் இருந்தாள். காது மந்தம். இரண்டு மூன்று வருஷமாக நினைவும் தப்பிக்கொண்டிருந்தது. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள். சாதுவான பிறவி, அவளால் எனக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

"அக்கா கூடத்துல படுத்துக்கட்டுங்க. எனக்கு அம்மான்னா அவதான்" என்றாள் பார்வதி. நான் கூடத்தை அளந்து பார்த்தேன். கட்டில் போட்டால் சோபா கிடையாது, சோபா போட்டால் கட்டில் கிடையாது. பார்வதியிடம் அளவைச் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீடு மாறிய அன்று பார்வதியும் எங்கள் மகள் ஹரிணியும் பால் காய்ச்ச விடியற்காலையிலேயே புது வீட்டுக்குப் போய்விட்டார்கள். அக்காவைக் கடைசி வண்டியில் நான் அழைத்து வருவதாக ஏற்பாடு. நான் தனியாகப் போய் இறங்கினேன். மாலூரிலிருந்து பார்வதியின் தம்பி மகன் தினேஷ்குமார் வந்து, கொஞ்ச நாள் வைத்துக்கொள்கிறேன் என்று கூட்டிப் போய்விட்டான் என்றேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா போனா?" என்றாள் பார்வதி.

"விடும்மா, வீடும் சின்னது. இருந்துட்டு வரட்டும்" என்று ஹரிணி சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதை நான் கவனித்து வைத்துக்கொண்டேன். அடுத்த நாள் அவள் பெங்களூருக்குப் போய்விட்டாள். போனில் பெரியம்மாவைப் பற்றி ஒருமுறைகூட விசாரிக்கவில்லை. பார்வதியின் போனில் தினேஷ்குமார் எண்ணில் ஓர் இலக்கத்தை மட்டும் நான் மாற்றி வைத்தேன். அவளும் விடாமல் போட்டுப் பார்த்தாள்.

மீதிச் சாமானைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தினமும் பாகலூர் போய் வந்தேன். எனக்குக் களி தொண்டையில் இறங்காது, அது ஊருக்கே தெரியும். ஆனால் போகும்போது களி கட்டித் தரச் சொன்னேன். அதுதான் நான் செய்த ஒரே பிழை. பார்வதி முதலில் கட்டிக் கொடுத்தாள். பிறகு தூக்கைக் கழுவும்போது முகர்ந்து பார்த்தாள். என் சட்டைப் பையைத் துழாவினாள். ஒருநாள் தூக்கை நீட்டியவள் கையை விடவில்லை.

"அங்க யாருங்க இருக்கா?"

"யாரு இருப்பா? வீடே காலி."

"இத்தனை வருஷமா தொடாத களி இப்ப எப்படி எறங்குது? இந்த வயசுல எவளோ ஒருத்திக்குச் சோறு சுமக்கிறீங்களா?"

அவள் கண்ணில் நீர் நின்றது. எனக்கு அவமானமாக இருந்தது மேடம். பரஸ்திரீயை ஏறெடுத்துப் பார்க்காதவன் நான். குடும்பத்தில் சந்தேகம் நுழைந்துவிட்டால் சின்ன வீட்டில் ஒதுங்க இடமில்லை. அவள் நிம்மதிக்காக அன்றோடு பாகலூர் போவதை நிறுத்திவிட்டேன். கழிப்பதற்காக வைத்த பொருளுக்குக் கம்பெனியில் எண்ணெய் போட மாட்டோம், துடைக்க மாட்டோம். நான்தான் அதற்கு முன்பு முறை தவறி நடந்துகொண்டிருந்தேன்.

ஆமாம், கெம்பம்மா அந்த அறையில்தான் இருந்தாள். நான் அவளை இழுத்துப் போய்த் தள்ளவில்லை. லாரி வரும்வரை இங்கே உட்காரு அக்கா என்றேன், உட்கார்ந்தாள். ஆட்டுக்கல்லில் தொங்கிய அட்டையைத் தொட்டுப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். லாரிக்காரர்களுக்கு அடையாளம் என்று சைகையில் சொன்னேன். தன் துணி மூட்டையை நீட்டினாள். "இதுக்கும் ஒண்ணு கட்டு தம்பி. விட்டுட்டுப் போயிடப் போறாங்க" என்றாள். கட்டினேன். அதன் பிறகு நான் கதவைத் திறந்த ஒவ்வொரு முறையும் அவள் மூட்டையோடு எழுந்து நின்றாள். "காடி பந்தா தம்பி?" என்பாள். வண்டி வந்துவிட்டதா என்று கேட்கிறாள். இன்னும் இல்லை அக்கா என்பேன். சரி என்று உட்கார்ந்து களியைச் சாப்பிடுவாள். ஒருமுறைகூட என்னைச் சந்தேகப்பட்டதில்லை. அவள் தங்கைக்கு அந்தக் குணம் வரவில்லை.

கடைசியாகப் போன அன்று ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் பூட்டினேன். பிறகு ஒருமுறை வேறு வேலையாக அந்தப் பக்கம் பஸ்ஸில் போனேன். இறங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வாசல் பூட்டு சரியாக இருந்தது. பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்தன.

ஆவணி பிறந்ததும் மணிகண்டனுக்குச் சாவியைக் கொடுத்தனுப்பினேன். ஆட்கள் பின்கட்டைத் திறந்ததையும், அவள் கதவில் சாய்ந்து மூட்டையை மடியில் வைத்திருந்ததையும் நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேறெப்படி இருப்பாள்.

கெம்பம்மாவைக் கொன்றது நான்தான். நீட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முறை தவறிவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு மாதம் முழுசாகக் காத்திருந்தேன். பார்வதி தினமும் கேட்டாளே என்பீர்கள். கேட்டாள், இல்லை என்று சொல்லவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்பாள், படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கேட்பாள். ஆனால் அக்கா எப்படி இருக்காளோ, எப்ப வருவாளோ என்றுதான் கேட்டாள் மேடம். அக்காவைத் திருப்பிக் கொடுங்கள் என்று என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை.