முசுட்டைக்கு வைத்த பெயர்

ஒஸ்லோவிலிருந்து லில்லெஸ்ட்ரோம் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவள் அருங்காட்சியகத்தில் நூறு வருடப் பழைய, உலர்ந்த செடிகள் ஒட்டிய தாள்களைக் கணினியில் பதிபவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. மூத்தவரை அவள் அன்ரி என்றாள்.

"அன்ரி, எங்கட முசுட்டைக்கு ஒரு வெள்ளைக்காரன் தன்ரை சிநேகிதன்ரை பேரை வைச்சிருக்கிறான்."

"நாங்கள் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்யிற முசுட்டை இலைக்கோ?"

"ஓம். அந்தக் காலத்திலை யாழ்ப்பாணத்திலை இருந்த வெள்ளைக்கார நீதவான்ரை மனுசி பொழுதுபோக்குக்குச் செடி சேர்த்தவா. காயவைச்சு லண்டனுக்கு அனுப்ப, அங்கை ஒரு பேராசிரியர் புதுச் செடியெண்டு பேர் வைச்சிட்டார்."

"அவர் யாழ்ப்பாணம் வந்தவரோ?"

"இல்லை. சிநேகிதனும் வரேல்லை."

"அப்ப பனையிலை ஏறி, அதிலை படர்ந்த கொடியை அறுத்தது ஆர்? அந்த மனுசியோ?"

"'உள்ளூர்க்காரன் ஒருவன்' எண்டு எங்களிட்டை வந்த தாளிலை கிடக்கு."

அன்ரி சூள் கொட்டினார்.

"அது முசுட்டைதான் எண்டு கண்டுபிடிச்சது நான். கடையிலை வாங்கி ஆய்ஞ்சு ஆய்ஞ்சு எனக்கு அந்த இலை தெரியாதோ? இப்ப எங்கட அருங்காட்சியகப் பேராசிரியர் அதைக் கட்டுரையா எழுதியிருக்கிறார்."

"உன்ரை பேர் முதலிலையோ, பிறகோ?"

"பேர் இல்லை. கடைசியிலை 'தமிழ் உதவியாளர் ஒருவருக்கு நன்றி' எண்டு இருக்கு."

"நீ ஒஸ்லோவிலை பிறந்தனி எல்லே?"

"ஓம்."

ரயில் வேகம் குறைந்தது. அன்ரி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"பரவாயில்லை பிள்ளை. உன்னைப் பனையிலை ஏத்தேல்லைத்தானே."