மஞ்சள் காலர்

"எல்லாரும் ஒரே மாதிரி சட்டை போட்டிருந்தா, இவங்க அம்மா வந்து தேடும்போது எப்படி மாமா அடையாளம் தெரியும்?"

என் தங்கை மகள் ஒரு நாள் கேட்ட கேள்வி இது. மேசைமேல் விரல் உயரத்தில் ஈயச் சிப்பாய்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். போர்க்களத்துக்கு அம்மாக்கள் வர மாட்டார்கள், சீருடை என்பது தளபதி தன் ஆட்களை அடையாளம் காண்பதற்காக என்று சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப தளபதிக்கு அம்மா இல்லையா?" என்றாள். சிரித்துவிட்டேன்.

நான் பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவன். சுவரிலிருந்து பெயர்ந்த ஒரு சில்லைக் கொண்டுவந்து கொடுத்தால் போதும், அதே நிறத்தைக் கலந்து தருவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சங்கத்துக்குப் போவேன். பழைய காலத்துப் போர்களைச் சின்னப் பொம்மைகளை வைத்து மேசைமேல் நடத்திப் பார்க்கிறவர்களின் சங்கம் அது. ஒவ்வொருவரும் ஒரு படையை வாங்கி, அந்தக் காலத்துச் சீருடைப்படி வண்ணம் தீட்டிக் கொண்டுவருவார்கள். எந்தப் படைக்கு என்ன நிறக் காலர், கை மடிப்பு என்ன நிறம் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தப்பாக இருந்தால் வீட்டுக்கு எடுத்துச் சென்று திருத்திக் கொடுப்பேன். அதற்காக யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை.

"சாயம் வந்துட்டாருப்பா, அவங்கவங்க சட்டையைப் பத்திரமா பார்த்துக்குங்க" என்று கேலி செய்வார்கள். சாயம் என்பது அவர்கள் எனக்கு வைத்த பெயர். கேலி பேசிய வாயோடு, சங்கத்தின் வருடக் கண்காட்சி நெருங்கினால் பொம்மைத் தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். கடவுளை நினைத்துக்கொண்டுதான் நான் பிரஷ்ஷைத் தொடுவேன். பெரிய தர்மம் செய்ய வசதியில்லாதவன் கைவசம் இருப்பதைக் கொண்டு செய்கிற சின்ன உபகாரம் அது என்று நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

தங்கையின் கணவரைச் சங்கத்துக்கு அழைத்துப் போனதும் நான்தான். மாப்பிள்ளை கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். பொறுமையான விரல்கள். மகளுக்கு ரத்தத்தில் நோய் என்று தெரிந்து அவள் பள்ளிக்கூடம் போவது நின்றதும், அவர் மதியத்தோடு கடையை அடைத்துவிட்டு வந்துவிடுவார். கட்டிலுக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அப்பாவும் மகளுமாக ஒரு படைக்கு வண்ணம் தீட்டினார்கள். நீலக் கோட்டும் முகமும் அப்பா. காலர் மட்டும் மகள். அந்தப் படையின் காலர் பச்சை. அவள் மஞ்சள் அடித்தாள். அப்போதுதான் அம்மாக்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார்களாம்.

"பச்சைதான் கண்ணு சரி" என்றேன்.

"சரிதான் மாமா. ஆனா மஞ்சள்தானே தெரியும்?"

மாப்பிள்ளை எனக்குக் கண்ணைக் காட்டினார். விட்டுவிட்டேன். அந்தப் படையில் மேளக்காரன் ஒருவன் குறைந்தான். அவனை நான்தான் வண்ணம் அடித்துத் தர வேண்டும் என்று கேட்டாள். "மஞ்சள் காலர் மாமா, மறந்துடாதீங்க. நீங்க பச்சையை அடிச்சிடுவீங்க, எனக்குத் தெரியும்." அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். இன்று நாளை என்று தள்ளிப்போயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

அடுத்த கண்காட்சிக்குச் சில வாரங்கள் முன்பே மாப்பிள்ளை அந்தப் படையைக் கொண்டுவந்தார். "போட்டிக்கு இல்ல மச்சான். சும்மா ஒரு ஓரமா இருக்கட்டும். நாலு பேர் பார்க்கட்டும்." சங்கத்தில் அதைப் பரப்பி வைத்தபோது, விஷயம் தெரியாத புது ஆள் ஒருவர், "என்னங்க இது, பட்டாளமா, சர்க்கஸ் பேண்டா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததற்கு அதுதான் காரணம். இறந்துபோன குழந்தையின் தவறை ஊரே வந்து பார்த்துச் சிரிக்க விடலாமா?

வார்னிஷ் பூசித் தருகிறேன் என்று தட்டை வாங்கிக்கொண்டேன். "பார்த்து மச்சான்" என்றார். "என் பொறுப்பு மாப்பிள்ளை" என்றேன். அதில் பொய் இல்லை. வார்னிஷும் பூசினேன்.

பழைய வண்ணத்தின்மேல் புதியதைப் பூசினால் தடித்துப்போகும், பொத்தான்கள் மறைந்துவிடும். ஆகவே பச்சை அடிப்பதற்கு முன் பஞ்சைத் தின்னரில் நனைத்து ஒவ்வொரு காலராகத் துடைத்தெடுத்தேன். குழந்தை கை அல்லவா, மஞ்சள் கன்னத்திலும் தோளிலும் வழிந்திருந்தது. கொடி பிடித்தவனின் முதுகில் ஒரு பெரிய மஞ்சள் திட்டு. காய்வதற்குள் அவள் அவனைப் பிடித்துத் தூக்கியிருக்கிறாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவுக்கு அவளுடைய கட்டைவிரல் ரேகை, சுழி சுழியாக, ஒரு கோடு கலையாமல் இருந்தது.

நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. அந்த விரல் இனி எங்கேயும் பதியாது என்பது எனக்குத் தெரியும். பஞ்சைக் கீழே வைத்துவிட்டுப் பிரார்த்தனை செய்தேன். பிறகு அதையும் துடைத்தேன். ஒருவனை மட்டும் விட்டுவைத்தால் மற்றவர்களோடு அவன் சேர மாட்டான்.

கண்காட்சியில் நடுவர்களே அந்தப் படையை ஓரத்திலிருந்து நடு மேசைக்கு மாற்றினார்கள். சீருடைத் துல்லியத்துக்கான பரிசுச் சீட்டை அதன் முன்னால் வைத்தார்கள். தங்கையும் மாப்பிள்ளையும் கொஞ்சம் தாமதமாக வந்தார்கள். தங்கை வாசலிலேயே நின்று ஒவ்வொரு மேசையாகக் கண்ணால் தேடினாள். எது தங்களுடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் கையைக் காட்டினேன்.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். கொடிக்காரனை எடுத்து, திருப்பி, முதுகைத் தன் கட்டைவிரலால் தடவினார். ரேகை அங்கே இருந்தது அவருக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது.

"ஒண்ணையாச்சும் விட்டு வச்சீங்களா மச்சான்?"

"இல்ல மாப்பிள்ளை. எல்லாத்தையும் முடிச்சிட்டேன்."

"ரொம்ப உழைச்சிருக்கீங்க" என்றார். நன்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

தங்கைதான் கேட்டாள். "துடைச்ச பஞ்சு எங்கே அண்ணா?"

"குப்பையில போட்டுட்டேம்மா."

"எந்தக் குப்பையில?"

குப்பை வண்டி வந்து போய்விட்டது என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சுவரோரம் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்துவந்து போட்டு, "உட்காருங்க. காலையிலேருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. போனால் சாப்பாடு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். அவள் நல்லவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மாப்பிள்ளை சங்கத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். படை அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. வெளிச்சம் பட்டால் பச்சை மங்கிவிடும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள் போலும்.

யாரும் என்னை விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இதையெல்லாம் அப்போதே சொல்லியிருப்பேன். தெரியாமல் நடந்த பிழை என்று மூன்றாம் மனிதர்கள் எனக்காகப் பரிந்து பேசுகிறார்கள். அது சரியல்ல. அது என்ன என்று தெரிந்தேதான் துடைத்தேன். கடவுளிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன்.

ஒரு பாக்கி மட்டும் மனதை அரித்துக்கொண்டிருந்தது. கொடுத்த சத்தியத்தைத் தீர்க்காமல் ஒரு குழந்தைக்குக் கடன்காரனாகச் சாகக் கூடாது. அவளுடைய நினைவு நாளில் அவர்கள் இருவரும் வழிபாட்டுக்குப் போயிருந்தபோது அந்த வீட்டுக்குப் போனேன். சாவி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். வண்ணம் அடித்து முடித்த மேளக்காரனைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அலமாரியைத் திறந்து, வரிசையின் கடைசியில், மற்றவர்களைப் போலவே சுவரைப் பார்க்க நிறுத்தினேன். அவனை வைத்ததை யாரும் பார்க்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை.

அவள் கேட்ட மஞ்சளைக் கொடுத்துவிட்டேன். நானே கலந்தது, அவளுடைய மஞ்சளுக்கும் அதற்கும் இம்மி வித்தியாசம் இருக்காது. அதை அவன் கால் நிற்கிற தகட்டுக்கு அடியில் பூசியிருக்கிறேன்.

காலர் பச்சைதான்.