தூசி டாக்டரின் செவ்வாய்க்கிழமை

— அண்ணா, அந்த மவுஸைக் கீழ வை! ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்குன்னு தொண்டை கிழியக் கத்துறேன், நீ பாட்டுக்கு மாப்பிள்ளை மூக்கைத் தேய்ச்சுக்கிட்டு இருக்கே!

— மாப்பிள்ளை மூக்கு அப்படி, தாயே. எண்ணெய் வழியுது. சாயங்காலம் கல்யாண ஆல்பம் கேட்டு ஸ்டூடியோவுக்கு வந்து நிப்பாங்க. எங்க வெடிச்சுது? நம்ம தெருவுலயா?

— அண்ணி, பாத்தீங்களா உங்க வீட்டுக்காரரை?

— நான் பாக்காததா? நீ முதல்ல உக்காரும்மா. கிளினிக் கோட்டைக்கூடக் கழட்டாம ஓடி வந்திருக்கே. பல்லு பிடுங்க வந்த ஆளை வாயைத் திறந்தபடியே விட்டுட்டு வந்துட்டியா?

— மூட வச்சுட்டுத்தான் வந்தேன் அண்ணி. கேளு அண்ணா, கேளு. மொட்டை மாடியில குளிர்ல நின்னு நான் ஒரு சுருளைப் படம் எடுப்பேனே, கோடிக்கணக்கான நட்சத்திரம் ஒண்ணா சேர்ந்து சுத்துற கூட்டம்...

— உன் சுருளம்மாவா? தெரியுமே! நீ கூடை கூடையா எடுத்துட்டு வர்ற படத்தையெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒரே படமா ஆக்கிக் குடுக்கிறது யாரு? உன் ஓட்டை லேப்டாப்பா? கிளினிக் சுவர்ல பிரேம் போட்டுத் தொங்குதே, அவளைப் போன சனிக்கிழமை எடுத்த படம், அதுவும் என் கைவண்ணம்தான்.

— தொங்குது, தொங்குது. நேத்துக்கூட நாற்காலியில மல்லாந்து படுத்த ஒருத்தர், "இது யாரோட கடைவாய்ப் பல்லு டாக்டர்?"னு கேட்டார். அதை விடு. அந்தச் சுருளுக்குள்ள ஒரு நட்சத்திரம் வெடிச்சிருக்கு! புதன்கிழமை ராத்திரி வேற ஊர்க்காரர் ஒருத்தர் பாத்துட்டார். எங்க வானம் பாக்குற குழுவுல காலையில இருந்து ஒரே அமளி.

— அவர் பாத்தா அவருக்குப் பேரு. அதுக்கு நீ எதுக்கு இந்தக் குதி குதிக்கிறே?

— அங்கதான் இருக்கு விஷயம்! என்னிக்கு வெடிச்சுதுன்னு தெரியணும்ல? அதுக்கு முன்னாடி யாராவது அதே இடத்தைப் படம் எடுத்திருக்கணும். போன வாரத்துல இருந்து மத்த ஊர்லயெல்லாம் மேகம். குழுவுல ஒருத்தர்கிட்டயும் படம் இல்லை. செவ்வாய்க்கிழமை எடுத்த ஒரே ஆளு யாரு தெரியுமா? நான்!

— அடி சக்கை!

— அந்தப் படத்துல அந்த இடம் துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. ஒரு புள்ளி இல்லை. அப்போ செவ்வாய் ராத்திரி வரைக்கும் அது வெடிக்கலைன்னு நான் சாட்சி சொல்லலாம். மத்தியானம் அறிக்கை போகுது. அதுல என் பேர் வரும் அண்ணா! என் பேர்!

— ஏம்மா, உனக்கு "தூசி டாக்டர்"னு பட்டம் கட்டினாங்களே, அந்தக் குழுவா உன் பேரைப் போடப் போகுது?

— அவங்களேதான் அண்ணி. தெருவிளக்கு வெளிச்சத்துல மின்னின ஒரு தூசியைப் பாத்துட்டு, புது நட்சத்திரம்னு ஊரைக் கூட்டினேன்ல? அன்னிலேர்ந்து நான் வாயைத் திறந்தாலே, "துணியை எடுத்து லென்ஸைத் துடைச்சீங்களா டாக்டர்?"னுதான் கேக்குறாங்க. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க! இன்னிக்கு அத்தனை பேர் மூஞ்சியிலயும் கரி பூசப் போறேன்.

— அப்படிப் போடு! நான் சொன்னா யாரு கேக்குறா? இவ சாதாரண ஆளு இல்லைன்னு அன்னிக்கே சொன்னேன்.

— நீ எங்க சொன்னே? "பல்லைப் படம் எடுத்தா நாலு பேருக்கு வலி தீரும், வானத்தைப் படம் எடுத்து யாருக்கு ஆல்பம் போடப் போறா?"ன்னுதானே சொன்னே?

— அது நீங்க சொன்னதுங்க. நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க.

— சரி, யாரோ ஒருத்தர் சொன்னோம். தாயே, அந்தப் புதன்கிழமைக்காரர் படத்தைக் காட்டு, பாப்போம்.

— இந்தா, போன்லயே இருக்கு. அம்புக்குறி போட்டிருக்காங்க பாரு. நடுவுல பளிச்னு இருக்குல்ல, அதுக்கு இடது பக்கம்.

— ம்.

— தெரியுதா?

— ம். தெரியுது.

— ஏங்க, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஏன் முழிக்கிறீங்க?

— ஒண்ணுமில்லை. தாயே, இந்தச் சாட்சியை நீ அனுப்பிட்டியா?

— எழுதி ரெடியா வச்சிருக்கேன். உன் முன்னாடி அனுப்பணும்னுதானே மூச்சிரைக்க ஓடி வந்தேன்! கம்ப்யூட்டர் உன்னோடது, பாதி பேர் உனக்கு. இதோ பாரு, அமுக்கப் போறேன்...

— அமுக்காதே! கையை எடு! ஏம்மா, அவ போனைப் பிடுங்கு, பிடுங்கு!

— பிடுங்கிட்டேன், பிடுங்கிட்டேன்! என்னங்க ஆச்சு? உங்களுக்கு வேர்த்துக் கொட்டுது!

— அண்ணா, விளையாடாதே. மத்தியானம் ஆகப் போகுது.

— செவ்வாய்க்கிழமை படத்துல அந்த இடத்துல ஒண்ணு இருந்துச்சு.

— என்ன இருந்துச்சு?

— பரு.

— பருவா?

— மூக்குக்குப் பக்கத்துல பரு மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. அழகான முகம், அதுல இது எதுக்குன்னு துடைச்சுட்டேன்.

— அண்ணா! வானத்துக்கு ஏது மூக்கு? ஏது முகம்?

— எனக்கு அப்படித்தானே தெரியும்! வெளியில தெறிச்சுக் கிடக்கிற புள்ளியெல்லாம் நட்சத்திரம்னு எனக்கும் தெரியும், அதுல நான் கை வைக்கலை. முகத்து மேல இருந்ததுதான். நாளெல்லாம் கல்யாணப் பொண்ணு, மாப்பிள்ளைன்னு பருவா துடைச்சுக்கிட்டு இருக்கேன், கை தானா போயிடுச்சு.

— ஐயோ! நான் பாட்டுக்கு அனுப்பியிருந்தா? "செவ்வாய்க்கிழமை ஒண்ணுமே இல்லை"ன்னு பொய்ச் சாட்சி சொல்லியிருப்பேனே! தூசி டாக்டர்ங்கிற பட்டம் போய், இன்னும் என்ன பேர் வச்சுக் கூப்பிட்டிருப்பாங்களோ! அண்ணா, நீ எடுக்கிற போட்டோ வேற, நான் எடுக்கிற போட்டோ வேற. உன்னோடது அழகா இருக்கணும். என்னோடது உள்ளதைச் சொல்லணும். பல்லு எக்ஸ்ரேயில ஒரு புள்ளியைத் துடைச்சா சொத்தைப் பல்லு நல்ல பல்லாயிடும், தெரியுமா உனக்கு?

— அவர் தெரிஞ்சா செஞ்சார்? விடும்மா, உன் அண்ணன் பாவம்.

— என்ன பாவம் அண்ணி? அந்தக் காலத்துல கண்ணாடித் தகட்டுல வானத்தை எடுத்தாங்க. ராத்திரி பூரா தொலைநோக்கியைக் கையால கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி ஒரு படம். அந்தத் தகட்டுல கீறல் விழுந்தாக்கூடத் தொட மாட்டாங்க. நூறு வருஷம் கழிச்சு யாராவது எடுத்துப் பாத்தாலும் அது சாட்சி சொல்லும். இவன் ரெண்டே நாள்ல சாட்சியைக் கலைச்சுட்டான்!

— நம்ம அப்பாவும்தான் கலைச்சார். நெகட்டிவ் மேல கூர்ப் பென்சிலை வச்சுத் தேய்ப்பாரே, அம்மைத் தழும்பெல்லாம் மாயமாப் போகும். தேய்ச்சா தேய்ச்சதுதான். அவரைப் போய்த் திட்டுவியா?

— அவர்கிட்ட நான் என் சுருளைக் குடுக்கலையே! சரி, மெமரி கார்டு எங்க? அதுல நான் எடுத்ததெல்லாம் அப்படியே இருக்கும். குடு.

— அந்தக் கார்டு...

— அண்ணா.

— நேத்து ஒரு பிறந்தநாள் பார்ட்டி. அவசரத்துக்குக் கையில கிடைச்சுது. இப்போ அதுல பூரா கேக்குதான் இருக்கு.

— அழுகை வருது அண்ணி, எனக்கு நெஜமாவே அழுகை வருது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதையாப் போச்சு. அங்க இருந்துச்சுன்னும் காட்ட முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது.

— இருங்க ரெண்டு பேரும். ஏங்க, என் மச்சத்தை மறந்துட்டீங்களா?

— இப்போ எதுக்கும்மா அந்தப் பழைய சண்டை?

— சொல்லுங்க. எங்க கல்யாணத்துல டிஜிட்டல் புதுசும்மா. உன் அண்ணனுக்குத் தலைகால் புரியலை. என் கன்னத்து மச்சத்தைத் துடைச்சுத் தூக்கிட்டார். ஆல்பத்தைத் திறந்தா ஒவ்வொரு பக்கத்துலயும் இவர் பக்கத்துல வேற எவளோ நிக்கிறா! எங்க அம்மா, "யாருடி இவ?"ன்னு கேட்டாங்க. திரும்ப வைங்கன்னா, அசல் படமே இல்லைங்கிறார். எத்தனை நாள் இவரோட பேசாம இருந்தேன், கேளு.

— அண்ணி, உங்க மச்சத்துக்கும் என் நட்சத்திரத்துக்கும்...

— முழுசாக் கேளும்மா. அன்னிக்கு இவர் என் தலையில அடிச்சு ஒரு சத்தியம் பண்ணினார். என்னங்க சத்தியம் அது?

— இனிமே எதையும் அழிக்க மாட்டேன், மூடித்தான் வைப்பேன்னு... அட! அடடா! என் ராசாத்தி!

— நான் சொன்னா யாரு கேக்குறா?

— தாயே, அழாதே! நான் துடைக்கவே இல்லை, மூடியிருக்கேன்! அசல் படத்துக்கு மேல கண்ணாடி வச்ச மாதிரி ஒரு லேயர். நான் பூசி மறைச்சதெல்லாம் அந்தக் கண்ணாடி மேலதான். எடுத்துட்டா அடியில எல்லாம் அப்படியே இருக்கும். அப்பா பென்சிலுக்கு இந்த வித்தை தெரியாது! தள்ளு, தள்ளு, மாப்பிள்ளை மூக்கு கிடக்கட்டும், உன் செவ்வாய்க்கிழமையைத் திறக்கிறேன்.

— திற, திற! என்ன சுத்துது இது? சீக்கிரம்!

— பெரிய படம்மா, மூச்சு வாங்கத்தான் செய்யும். வந்துருச்சு. இந்தா பாரு முகம். இப்போ கண்ணாடியை எடுக்கிறேன்.

— ஆ!

— எங்க, எங்க? எனக்குக் காட்டுங்க!

— அண்ணி, அதோ! அம்புக்குறி காட்டின அதே இடம்! இருக்கு, அண்ணா, இருக்கு! செவ்வாய்க்கிழமையே இருக்கு! அந்த ஆளுக்கு முன்னாடியே, ஒரு நாள் முன்னாடியே, நம்ம மொட்டை மாடிக்கு வந்திருக்கு! எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை!

— அப்போ சாட்சி இல்லை, நீதான் முதல் ஆளு! எழுது தாயே! அந்தப் பழைய மெயிலைக் கிழிச்சுப் போட்டுட்டு, முதல்ல பாத்தவ நான்னு கொட்டை எழுத்துல எழுது!

— ஏம்மா, போனைக் குடுத்துட்டேனே, ஏன் எழுதாம அப்படியே உக்காந்திருக்கே?

— எழுதி என்ன அண்ணி பிரயோசனம்?

— இதென்னடி, இப்போ வரைக்கும் குதிச்சே!

— ஒரே ஒரு படம். அதுவும் தூசி டாக்டர் எடுத்தது. யாரு நம்புவா? என் கூத்துக்கு அப்புறம்தான் குழுவுல சட்டமே போட்டாங்க. ஒரு ராத்திரி ஒரு புள்ளின்னா அது தூசி. ரெண்டு ராத்திரி, ரெண்டு படம், ஒரே இடத்துல இருந்தாதான் நட்சத்திரம். புதன்கிழமைக்காரருக்கு அடுத்த நாளும் வானம் தெளிஞ்சுது, ரெண்டு படம் காட்டிட்டார். நமக்கு அன்னிலேர்ந்து மழை.

— அட, எடுத்தது நெஜம்தானே? கண்ணால பாக்குறோமே!

— போன தடவையும் கண்ணாலதான் அண்ணி பாத்தேன். பரவாயில்லை, விடுங்க. நான் பாத்துட்டேன், எனக்குத் தெரியும். அது போதும்னு இருந்துக்குவேன். வேற என்ன பண்றது?

— தாயே.

— என்ன அண்ணா? நீ அந்த மூக்கைப் பாரு, ஆல்பத்துக்கு வந்துடப் போறாங்க.

— ரெண்டாவது ராத்திரி செவ்வாய்க்கு அப்புறம்தான் இருக்கணுமா? முன்னாடி இருந்தா ஒத்துக்க மாட்டாங்களா?

— முன்னாடின்னா இன்னும் நல்லது. அதை விட முன்னாடி உலகத்துல யாருமே எடுத்திருக்க மாட்டாங்க. அப்படி ஒண்ணு இருந்தா, இந்த ஸ்டூடியோ நடுவுல தலைகீழா நின்னு ஆடுவேன். ஏன் கேக்குறே? என்ன திறந்து வச்சிருக்கே அங்க?

— கிளினிக் சுவர்ல மாட்டியிருக்கியே, அந்தப் படம்தான். இப்போதான் மேல இருந்த கண்ணாடியை எடுத்தேன். வா, வந்து ஆடு தாயே. உன் சுருளம்மாவுக்குச் சனிக்கிழமையே பரு வந்தாச்சு.